வயது வேறு, நோய் வேறு: மூளையின் செலவுக் கணக்கை அளந்த கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வரும்போது ஒருவர் வழிமறித்து, "சார், என்னைத் தெரியுதா?" என்றார். நரைத்த மீசை. முகம் தெரிகிறது. எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு, சன்னலோர பெஞ்சு, அதுவும் தெரிகிறது. அவருடைய அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. பெயர் மட்டும் வரவில்லை. "தெரியாம இருக்குமாப்பா" என்று சிரித்துச் சமாளித்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். யாரும் கேட்காமலே அந்தப் பெயர் முன்னால் வந்து நின்றது, இனிஷியலோடு!

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மகள், "அப்பா, உங்களுக்கு வயசாயிடுச்சு" என்றாள். உறவுக்காரப் பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பினான். ஏதோ ஒரு பொடி. பாலில் கலந்து குடித்தால் மூளைக்கு ரத்தம் நன்றாகப் பாய்ந்து ஞாபகம் திரும்புமாம். 'வயதானால் மூளைக்கு ரத்தம் போகாது' என்ற இந்த வார்த்தையோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன். பொடியை வாங்கவில்லை. வாத்தியார் புத்தி, புத்தகங்களை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். மூளை எவ்வளவு செலவழிக்கிறது, வயதானால் அது குறைகிறதா, அதற்கும் மறதிக்கும் சம்பந்தம் உண்டா? இந்தக் கேள்விகளுக்கு மனிதர்கள் விடை தேடிய வரலாறு நூற்றைம்பது ஆண்டுக் கதை. அதைத்தான் இன்றைக்குப் பாடமாக எடுக்கப் போகிறேன்.

முதலில் அடிப்படைக் கணக்கு. பெரியவர்களின் மூளை ஏறக்குறைய 1.4 கிலோ. உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் நாம் சும்மா படுத்திருக்கும்போது உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அந்த ஒரு உறுப்புக்கே போகிறது. மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 20 வாட். நம் வீடுகளில் முன்பு இருந்த இரண்டடி டியூப்லைட் ஒன்றின் செலவு.

இன்னொரு விஷயம். கல்லீரல், தசை இவற்றுக்கெல்லாம் சர்க்கரையைச் சேமித்து வைக்கும் வசதி உண்டு. மூளைக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளும்படியான சேமிப்பு கிடையாது. அது ஒரு அன்றாடங்காய்ச்சி. ரத்தம் கொண்டுவந்து கொடுத்தால்தான் அடுப்பு எரியும். ரத்தம் அடியோடு நின்றால் பத்து வினாடி அளவில் நினைவு தப்பிவிடும். ஆகவே 'மறதி என்றால் மூளை பட்டினி கிடக்கிறது' என்று மனிதர்கள் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் நினைப்பது வேறு, அளந்து பார்ப்பது வேறு.

முதலில் அளக்க முயன்றவர்களில் ஒருவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஆஞ்சலோ மொசோ. 1870களின் இறுதி. பெர்ட்டினோ என்ற குடியானவருக்குத் தலையில் அடிபட்டு மண்டையோட்டில் ஒரு திறப்பு இருந்தது. அதன் வழியாக மூளையின் துடிப்பைக் கருவி வைத்துப் பதிவு செய்தார் மொசோ. ஒரு நாள் நண்பகல் தேவாலய மணி அடித்தது. பெர்ட்டினோ அசையவில்லை, ஆனால் மூளையின் துடிப்பு மட்டும் ஏறியது. "மணிச்சத்தம் கேட்டதும் ஜெபம் ஞாபகம் வந்ததா?" என்று கேட்டார். துடிப்பு மறுபடி ஏறியது, ஆமாம் என்று பதில் வந்தது. பிறகு மொசோ அவரிடம் ஒரு மனக்கணக்கு கேட்டார்: எட்டுப் பன்னிரண்டு எவ்வளவு? கேள்வி காதில் விழுந்ததும் துடிப்பு ஏறியது. விடை சொல்லும்போது மறுபடி ஏறியது.

நம் வகுப்பில் காலையில் முதல் பத்து நிமிடம் மனக்கணக்குதானே? ஞாபகம் இருக்கிறதா? இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உங்கள் முகங்கள்தான் தெரிந்தன. எட்டுப் பன்னிரண்டு தொண்ணூற்றாறு. இந்த 96 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மொசோ 1880களில் ஒரு தராசும் செய்தார். ஆளைப் பலகையில் படுக்க வைத்து, தலையும் காலும் சமமாக நிற்கும்படி நிறுத்தி, பிறகு ஏதாவது யோசிக்கச் சொல்வார். யோசித்தால் ரத்தம் தலைக்கு ஏறித் தலைப்பக்கம் தாழும் என்பது அவர் கணக்கு. 1890-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சார்லஸ் ராயும் சார்லஸ் ஷெரிங்டனும் விலங்குகளில் சோதனை செய்து, மூளை தன் வேலைக்கு ஏற்ப ரத்தத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது என்று எழுதினார்கள்.

1928-ல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஃபுல்டன் எழுதியது இன்னும் சுவையானது. ஒரு நோயாளிக்குத் தலையின் பின்பக்கம், பார்வைக்குரிய மூளைப் பகுதியில் ரத்தக் குழாய்கள் முறுக்கிக் கிடந்தன. ரத்தம் பாயும் 'உஸ்' என்ற சத்தம் அங்கே கேட்கும். அவர் செய்தித்தாள் படித்தால் அந்தச் சத்தம் கூடும், நிறுத்தினால் குறையும். படிப்பதற்கு ரத்தம் வேண்டும் என்பதை ஒரு மனிதர் காதாலேயே கேட்டுவிட்டார்.

இதற்கிடையில் 1922-ல் கனடாவின் டொராண்டோவில் முதன்முதலாக நீரிழிவு நோயாளிகளுக்கு இன்சுலின் ஊசி போட்டார்கள். உயிர்கள் பிழைத்தன. கூடவே ஒரு புதுச் சங்கதியும் தெரிந்தது. மருந்து கொஞ்சம் கூடிப்போய் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிட்டால் நோயாளி வியர்க்கிறார், கை நடுங்குகிறது, உளறுகிறார், குடித்தவர் போல நடந்துகொள்கிறார். சர்க்கரை உள்ளே போனதும் சில நிமிடங்களில் பழைய ஆளாகிவிடுகிறார். மூளைக்குச் சர்க்கரைதான் முதன்மையான விறகு என்பது கண்முன்னே நிரூபணமானது. இதை அடிக்கோடு போட்டு வையுங்கள், திரும்ப இங்கே வருவோம்.

துடிப்பும் சத்தமும் சரி, ஆனால் எவ்வளவு? அந்த 'எவ்வளவு'வுக்கு எண் கொடுத்தவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த செய்மோர் கெட்டி. கார்ல் ஷ்மிட் என்ற மூத்தவரோடு சேர்ந்து 1945-ல் ஒரு முறையை வெளியிட்டார். ஆள் பத்து நிமிடம் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு கலந்த காற்றைச் சுவாசிக்க வேண்டும். நாம் பாடத்தில் படித்த அதே சிரிப்பூட்டும் வாயு. அந்த நேரத்தில் தமனியிலிருந்தும், மூளையிலிருந்து ரத்தம் வடிந்து வரும் கழுத்துச் சிரையிலிருந்தும் மாதிரி எடுப்பார்கள். வயலுக்குள் பாயும் வாய்க்காலிலும் வெளியே வரும் வடிகாலிலும் அளந்தால் வயல் எவ்வளவு குடித்தது என்று தெரிந்துவிடும் அல்லவா, அதே கணக்கு.

விடை வந்தது. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 54 மில்லி ரத்தம், 3.3 மில்லி ஆக்சிஜன். முழு மூளைக்கும் கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் ரத்தம்.

அளவுகோல் கிடைத்ததும் என்ன செய்வார்கள்? 1955-ல் லூயிஸ் சொக்கலோஃப், கெட்டி முதலியவர்கள் மறுபடி அந்தப் பழைய மனக்கணக்குக்கே போனார்கள். ஆரோக்கியமான இளைஞர்களைப் படுக்க வைத்து, முதலில் சும்மா இருக்கும்போது அளந்தார்கள். பிறகு மனக்கணக்குப் போடச் சொல்லி அளந்தார்கள். செலவு எகிறும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள்.

மாற்றமே இல்லை! கணக்குப் போட்டாலும் போடாவிட்டாலும் மொத்த மூளையின் ஆக்சிஜன் செலவு ஒன்றுதான். தூக்கத்தில் அளந்தபோதும் பெரிதாகக் குறையவில்லை.

அப்படியானால் மொசோ பார்த்தது பொய்யா? இல்லை. ஊர் முழுவதற்குமான மின் மீட்டரைப் பார்த்தால் ஒரு வீட்டில் போட்ட மின்விசிறி தெரியாது. மூளையில் ஏதோ ஒரு பகுதியில் கூடும் செலவு மொத்தத்தில் காணாமல் போய்விடுகிறது. பின்னாளில் செயின்ட் லூயிஸ் நகரில் பீட்டர் ஃபாக்ஸ், மார்கஸ் ரெய்க்ல் ஆகியோர் பகுதி பகுதியாக அளந்தார்கள். 1988-ல் அவர்கள் சொன்னது இது: கண்ணுக்கு ஒரு காட்சியைக் காட்டினால் பார்வைப் பகுதியில் ரத்த ஓட்டம் 50 சதவீதமும் குளுக்கோஸ் செலவு 51 சதவீதமும் கூடுகின்றன. ஆக்சிஜன் செலவு வெறும் 5 சதவீதம்தான். அதாவது அவசரத்துக்கு மூளை குளுக்கோஸை முழுவதும் எரிக்காமல், ஆக்சிஜன் இருக்கும்போதே, பாதியில் சட்டென்று பயன்படுத்திக்கொள்கிறது. இந்த 'அவசர விறகு' பற்றியும் பிறகு வரும்.

மொத்தத்தில் மூளையின் செலவில் மிகப் பெரும்பகுதி, நாம் எதையும் குறிப்பாக யோசிக்காதபோதும் நடந்துகொண்டே இருக்கும் உள்வேலைக்குத்தான். நரம்புச் செல்களுக்குள் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இடம் மாற்றி அடுத்த செய்திக்குத் தயாராக வைப்பதற்கே பெருஞ்செலவு. 'மூளையைக் கசக்கினேன் சார், பசிக்குது' என்று மத்தியான மணிக்கு முன்னாலேயே டிபன் பாக்ஸைத் திறந்தவர்கள் இதை வாசிக்க வேண்டும். உங்கள் சாக்கு 1955-லேயே தோற்றுவிட்டது.

இப்போது முதுமைக்கு வருகிறேன்.

அந்தக் காலத்து மருத்துவத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வயதானவர் மறந்தால், குழம்பினால், 'மூளை ரத்தக் குழாய் தடித்துவிட்டது' என்று எழுதி முடித்துவிடுவார்கள். 1906-ல் ஜெர்மனியில் அலாய்ஸ் அல்சைமர் தன் பெயரால் பின்னர் அழைக்கப்பட்ட நோயை விவரித்திருந்தார். ஆனாலும் அது நடுவயதினருக்கு வரும் அரிய நோய் என்றே பல பத்தாண்டுகள் கருதப்பட்டது. கிழவர்களின் மறதிக்குக் காரணம் ரத்தம் போதாமை, ரத்தம் போதாமைக்குக் காரணம் வயது. இதுதான் பொதுப் பேச்சு. 1956-ல் கெட்டியே அதுவரை வெளிவந்த அளவீடுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வயது ஏற ஏற ரத்த ஓட்டமும் ஆக்சிஜன் செலவும் இறங்குவதுபோலத்தான் தெரிந்தது.

நல்ல ஆராய்ச்சியாளர் அங்கே நிறுத்தமாட்டார். 'யாரை அளந்தோம்?' என்று கேட்பார். ஆஸ்பத்திரியில் கிடைக்கும் முதியவர்களை அளந்துவிட்டு முதுமையே இப்படித்தான் என்று சொல்வது, காய்ச்சல் வார்டில் உடல்சூட்டை அளந்துவிட்டு மனிதர்களின் சராசரிச் சூடு இது என்று சொல்வது போல.

ஆகவே 1950களின் நடுவில் அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில், தேசிய மனநலக் கழகத்தில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 65 வயதைக் கடந்த, தங்கள் வீடுகளில் சுயமாக வாழ்ந்துகொண்டிருந்த 47 ஆண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கேயே இரண்டு வாரம் தங்க வைத்து உடல், ரத்தம், மனம், ஞாபகம், குடும்பச் சூழல் என்று எல்லாவற்றையும் பரிசோதித்தார்கள். நெருங்கிப் பார்த்ததும் 47 பேரும் இரண்டாகப் பிரிந்தார்கள். 27 பேர் எந்தக் குறையும் இல்லாதவர்கள். 20 பேருக்கு அவர்களுக்கே தெரியாத சிறு நோய்க்குறிகள், முக்கியமாக ரத்தக் குழாய்த் தடிப்பின் ஆரம்பம்.

மூளையின் ரத்த ஓட்டத்தை அளந்தவர்களில் பம்பாயைச் சேர்ந்த தராப் தஸ்தூர் என்ற நம் நாட்டு மருத்துவரும் ஒருவர் என்பது எனக்குப் புதுச் செய்தி. நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

1963-ல் முடிவு நூலாக வந்தது. முழு ஆரோக்கியமான 27 பேரின் மூளை ரத்த ஓட்டத்துக்கும் ஆக்சிஜன் செலவுக்கும், இளைஞர்களுடையதற்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ரத்தக் குழாய் கெடத் தொடங்கியவர்களுக்குத்தான் ஓட்டம் குறைந்திருந்தது. அறிவுத்திறன் சோதனைகள் பலவற்றிலும் முதல் பிரிவினரே மேலாக இருந்தார்கள். சொல்வளத்தில் இந்தப் பெரியவர்கள் இளைஞர்களையே மிஞ்சினார்கள். ஒன்றே ஒன்றில் மட்டும் ஆரோக்கியமான முதியவர்களும் பின்தங்கினார்கள்: வேகத்தில். விடை தெரியும், வர நேரமாகும்.

கல்யாண வீட்டில் வராத பெயர் ராத்திரி இரண்டு மணிக்கு வந்ததே, அதேதான்!

இந்த ஆய்வில் இருந்த இளம் மருத்துவர்களில் ஒருவர் ராபர்ட் பட்லர். வயதின் பேரால் மனிதர்களை ஒதுக்குவதற்கு 1969-ல் ஆங்கிலத்தில் ஒரு தனிச்சொல்லையே உண்டாக்கியவர் அவர். நாம் 'முதுமை வெறுப்பு' என்று சொல்லலாம். சாதியால் ஒதுக்குவது, நிறத்தால் ஒதுக்குவது போல வயதால் ஒதுக்குவதும் ஒன்று. நோயால் வருவதை வயதின் தலையில் கட்டுவதை நேரில் அளந்து பார்த்தவர்களில் ஒருவரிடமிருந்து அந்தச் சொல் வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் ஊர் உலகம் உடனே திருந்தியதா? இல்லை. மூளையின் ரத்தக் குழாயை விரிக்கும் மருந்துகள் வயதானவர்களுக்கு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் எழுதப்பட்டன. 1969-ல் முதியவர்களை அழுத்த அறையில் வைத்துச் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஞாபகம் கூடுகிறது என்று ஓர் ஆய்வு வந்து பரபரப்பானது. மற்றவர்கள் கவனமாகத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 1974-ல் விளாதிமிர் ஹசின்ஸ்கி முதலியவர்கள், ரத்தக் குழாயால் அறிவு மங்குவது மெல்லப் பட்டினி கிடப்பதால் அல்ல, சிறிதும் பெரிதுமாக நேரும் பல பக்கவாதச் சேதங்களால்தான் என்று எழுதினார்கள். அந்தப் பழைய 'பட்டினி'க் கதையைத்தான் இன்றும் பொடி விற்பவர்கள் வாட்ஸ்அப்பில் விற்கிறார்கள்.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முதுமையில் எதுவுமே மாறவில்லை என்று நான் சொல்லவில்லை. அந்த 1963 ஆய்விலேயே ஆரோக்கியமானவர்களுக்கு ஆக்சிஜன் செலவு குறையாதபோதும் குளுக்கோஸ் செலவு கொஞ்சம் குறைந்திருந்தது. அன்றைக்கு அதன் பொருள் தெளிவாகவில்லை.

பிறகு படம் எடுக்கும் காலம் வந்தது. கதிரியக்க ஃப்ளூரின் சேர்த்த சர்க்கரையை நியூயார்க் அருகே உள்ள புரூக்ஹேவன் ஆய்வகத்தில் செய்து, சிறு விமானத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுபோய், 1976-ல் முதன்முதலாக மனித மூளை சர்க்கரையை எங்கே எடுத்துக்கொள்கிறது என்று படம் பிடித்தார்கள். ஏன் விமானம்? அந்தக் கதிரியக்கம் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். அரைவாழ்வுக் காலம் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்டீர்களே, இதற்குத்தான். இன்று புற்றுநோய்க்கு எடுக்கும் 'பெட் ஸ்கேன்' பெரும்பாலும் அதே சர்க்கரையை வைத்துத்தான்.

அந்த வகைக் கருவிகளோடு செயின்ட் லூயிஸில் ரெய்க்லின் குழு, 20 முதல் 82 வயது வரை அறிவுத்திறன் குறையாதவர்களை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டது. வயது ஏறும்போது பெரிதாகக் குறைவது அந்த 'அவசர விறகு'தான், ஆக்சிஜனோடு முழுதாக எரிக்காமல் குளுக்கோஸைப் பயன்படுத்தும் பகுதி. இளமையில் அது அதிகம். நரம்பு இணைப்புகளைப் புதிதாகக் கட்டுவது, திருத்துவது ஆகிய வேலைகளோடு அதைத் தொடர்புபடுத்துகிறார்கள். அதாவது வீட்டு விளக்கு எரிகிறது, அடுப்பும் எரிகிறது. குறைந்தது புது அறை கட்டும் கொத்தனார்களின் எண்ணிக்கை.

அதே குழு 2019-ல் இன்னொன்றும் சொன்னது. இந்த அளவுகளை வைத்து மூளையின் வயதைக் கணக்கிட்டால், பெண்களின் மூளை சராசரியாக 3.8 ஆண்டு இளமையாக இருக்கிறதாம். 1963-ல் அளந்த 47 பேரும் ஆண்கள் என்பதைக் கவனித்தீர்களா? பாதி உலகத்தை விட்டுவிட்டு அளந்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும் என் வீட்டில் ஒருவர், "இதுக்கு ஆராய்ச்சி வேறயா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

சரி, ஞாபகத்துக்குச் சர்க்கரை குடித்தால் ஆகுமா? அதையும் பார்த்திருக்கிறார்கள். 1980களின் இறுதியில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பால் கோல்ட் குழுவினர், ஆரோக்கியமான முதியவர்களுக்கு ஒரு நாள் 50 கிராம் குளுக்கோஸ் கலந்த எலுமிச்சைச் சாறும், இன்னொரு நாள் சாக்கரின் கலந்த சாறும் கொடுத்தார்கள். எது எதுவென்று குடித்தவருக்குத் தெரியாது. பிறகு ஒரு சிறு கதையைப் படித்துக்காட்டித் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். குளுக்கோஸ் குடித்த நாளில் முதியவர்களுக்கு அதிகம் ஞாபகம் இருந்தது. இளைஞர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே, பரீட்சை நாளில் பாக்கெட்டில் குளுக்கோஸ் பவுடர் கொண்டுவந்த நீங்கள் அதை அப்பாவுக்குக் கொடுத்திருக்கலாம்!

ஆனால் உடனே சர்க்கரை டப்பாவைத் தேடாதீர்கள். அது ஒரு வேளைச் சோதனை. நாள்தோறும் சர்க்கரை ஏறினால் நடப்பது நேர்மாறானது. 2003-ல் நியூயார்க்கில் அன்டோனியோ கான்விட் முதலியவர்கள் நீரிழிவு இல்லாத நடுத்தர, முதிய வயதினரை ஆராய்ந்தார்கள். சாப்பிட்ட சர்க்கரையைச் சரியாகக் கையாள முடியாத உடல் உள்ளவர்களுக்கு ஞாபகம் குறைவாகவும், ஞாபகத்துக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி சிறுத்தும் இருந்தது. ரத்த அழுத்தத்தைப் பற்றி 2019-ல் வந்த ஒரு பெரிய அமெரிக்கச் சோதனை, 50 வயதைக் கடந்த 9,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்தது. மேல் அளவை 120-க்குள் வைத்தவர்களுக்கு ஆரம்பநிலை அறிவுக் குறைவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. முற்றிய நிலைக்கு அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் 1963-ல் 47 பேரிடம் பார்த்ததையே இதுவும் சொல்கிறது: காலண்டரை நம்மால் நிறுத்த முடியாது, ரத்தக் குழாயைக் கவனிக்க முடியும்.

96 என்ற எண்ணை ஞாபகம் வைத்திருக்கச் சொன்னேனே? தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் கொடுத்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வர வேண்டும். அந்த ஆடுகளுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு சாகாதா, மூப்படையாதா? ஒவ்வோர் ஆடும் மூப்படையும், சாகும். குட்டிகளை வளர்த்து மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது இடையரின் பொறுப்பு. மந்தையைக் கவனித்தால் விளக்கு எரியும். விளக்கு மங்கினால் 'விளக்குக்கு வயதாகிவிட்டது' என்று யாரும் சொல்லவில்லை. மந்தைக்கு என்ன ஆயிற்று என்றுதான் போய்ப் பார்த்தார்கள்.

இப்போது நான் கடைசியில் சொல்கிறேன் என்றதைச் சொல்கிறேன்.

1980களின் கடைசியில் என் அப்பாவுக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீட்டு வரவுசெலவு, நெல் கணக்கு, பீரோ சாவி எல்லாம் அவர் கையில். திடீரென்று சில நாள் காலையில் தடுமாற ஆரம்பித்தார். சொன்னதையே திரும்பச் சொல்வார், கோபப்படுவார், பேரனைப் பார்த்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். மத்தியானம் சரியாகிவிடுவார். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும், "வயசாயிடுச்சு, மூளைக்கு ரத்தம் போகலை" என்றார்கள். நானும் தலையாட்டினேன். மூன்று மாதம் அப்படியே போயிற்று. பணம் தொலைந்துவிடுமே என்று பீரோ சாவியை அவர் இடுப்பிலிருந்து நான்தான் வாங்கினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு சஷ்டி விரதத்தன்று மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்திருக்கிறார். பதினோரு மணிக்கு என் மனைவியைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்று கேட்டார். சட்டை முழுக்க வியர்வை. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவர் இருந்தார். அவர் வந்து கையைத் தொட்டுப் பார்த்தார். "விழுங்க முடியுதா?" என்று சோதித்துவிட்டு ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுக்கச் சொன்னார். கால் மணி நேரம். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "எதுக்கு எல்லாரும் சுத்தி நிக்கிறீங்க?" என்றார்.

டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்தார், வேளைக்குச் சாப்பிடச் சொன்னார். அவ்வளவுதான். அந்தத் தடுமாற்றம் பிறகு வரவே இல்லை. இன்னும் ஒன்பது வருடம் தெளிவாக இருந்தார்.

அதே வாரம், 'மூளைக்கு எரிபொருள் குளுக்கோஸ்' என்று நான் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியிருப்பேன். அறுபது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது என் வீட்டுத் திண்ணையில் எனக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? 'வயசாயிடுச்சு' என்ற சொல் வந்ததும் நான் யோசிப்பதை நிறுத்திவிட்டேன். சாவியை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். "உங்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். கடைசி வரை வாங்கவில்லை. ரத்தச் சர்க்கரை கால் மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டது. அது வரவில்லை.

ஆகவே பிள்ளைகளே, வழக்கம்போல வீட்டுப்பாடம்.

ஒன்று. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒரு பெயரை மறந்தால் பொறுத்திருங்கள். வந்துவிடும். வேகம்தான் குறைவு. வாயிலிருந்து பிடுங்கி நீங்கள் சொல்லாதீர்கள்.

இரண்டு. புதிதாகத் தடுமாற்றம் வந்தால், தெரிந்த வழி தவறினால், செய்துவந்த வேலை கைமறந்தால், 'வயசாயிடுச்சு' என்று சொல்வதற்கு முன் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, பி12, சாப்பிடும் மாத்திரைகள், தூக்கம், காது கேட்கும் திறன், மனச்சோர்வு, இத்தனையையும் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றில் பல சரிசெய்யக் கூடியவை. உண்மையிலேயே மறதி நோய்தான் என்று தெரிந்தாலும், சீக்கிரம் தெரிவது நல்லது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் விரதம் இருப்பதாக இருந்தால் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மூன்று. அவசரப்பட்டு யார் கையிலிருந்தும் சாவியை வாங்காதீர்கள்.

சன்னலோர பெஞ்சுக்காரரே, உங்கள் பெயர் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். இங்கே எழுதினால் மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள் என்று எழுதவில்லை. இந்த வாரம் போன் செய்யுங்கள், எடுத்ததும் பெயரைச் சொல்லித்தான் பேசுவேன். கொஞ்சம் நேரம் மட்டும் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்